இன்னும் விற்பனைக்கு வராத போனைப் பற்றி இப்போதே எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்?

"அடுத்த மாதம் வரப்போகிற ஒரு போனை முன்பதிவு செய்யலாம் என்று இருக்கிறேன். என் சிம் அதில் ஒழுங்காக வேலை செய்யுமா, சார்ஜ் நாள் முழுக்க நிற்குமா, கேமரா இப்போது இருப்பதைவிட நன்றாக இருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க மூன்று கேள்விகள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: யாரும் இன்னும் கையில் வைத்துப் பழகாத ஒரு பொருளைப் பற்றி, வெளியே தெரிந்த தகவல்களை மட்டும் வைத்துக்கொண்டு எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது? புது போன்கள் சந்தைக்கு வருவதற்கு முன் அவற்றை நெட்வொர்க்கில் ஏற்றிச் சோதிக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அதனால் சிம், சிக்னல், அதோடு ஒட்டிய பேட்டரி விஷயங்களை உறுதியாகப் பேச முடியும். கேமரா என் துறை இல்லை. அதைச் சோதிக்கிறவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்ததையும், பொதுவில் தெரிந்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றில் நெட்வொர்க் விஷயத்தைத்தான் முன்கூட்டியே கிட்டத்தட்ட முழுதாகத் தெரிந்துகொள்ள முடியும். அதில் தவறினால் பிறகு சரிசெய்யவும் பெரும்பாலும் வழியில்லை. பேட்டரியைப் பாதி கணிக்கலாம். கேமராவைக் கணிப்பது ரொம்பக் கடினம், ஆனால் வாங்கிய பிறகும் அது மென்பொருள் வழியாக மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் வாங்குகிறவர்கள் எல்லாம் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். கேமராவைப் பற்றி வாரக்கணக்கில் படிப்பார்கள், சிம் விஷயத்தை "எல்லா போனிலும் எல்லா சிம்மும் வேலை செய்யும்" என்று விட்டுவிடுவார்கள். ஒரு காலத்தில் அது ஓரளவு உண்மை. இப்போது இல்லை.

ஒரே பெயரில் விற்கப்படும் போன், உள்ளே ஒரே போனாக இருக்க வேண்டியதில்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு மாடல் எண் இருக்கும். ஒரு நாட்டுக்கு ஒன்று, இன்னொரு பகுதிக்கு இன்னொன்று என்று அந்த எண் மாறும். அது மாறினால் அலைவரிசைகளின் பட்டியல் மாறும், சிம் வைக்கும் முறை மாறும், சில நேரம் உள்ளிருக்கும் சிப்பே மாறும். சாம்சங் கேலக்ஸி எஸ்22 ஐரோப்பாவில் எக்ஸினாஸ் 2200 சிப்போடும், வேறு பல நாடுகளில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சிப்போடும் விற்கப்பட்டது. பெயர் ஒன்றுதான். ஆகவே வேறு நாட்டில் இருப்பவர் எழுதிய விமர்சனத்தைப் படிக்கும்போது அவர் கையில் இருக்கும் போனும் உங்களுக்கு வரப்போகும் போனும் ஒரே மாடல் எண்தானா என்று பாருங்கள். மற்ற எல்லாமே அதற்கு அப்புறம்.

மாடல் எண் கிடைத்துவிட்டால் அலைவரிசைப் பட்டியலைத் தயாரிப்பாளரின் தளத்தில் எடுக்கலாம். ஒவ்வொரு அலைவரிசைத் துண்டுக்கும் பேண்ட் என்று ஓர் எண் உண்டு. பேண்ட் 3, பேண்ட் 28, என்78 (என் என்று தொடங்கினால் 5ஜி) என்று நீளமாக எண்களாக இருக்கும். எல்லாவற்றையும் பார்த்து மலைக்க வேண்டாம். உங்கள் நெட்வொர்க் நிறுவனம் எந்தெந்த பேண்டுகளைப் பயன்படுத்துகிறது என்று எடுத்துக்கொண்டு, அதில் முதலில் தாழ்ந்த அலைவரிசை இருக்கிறதா என்று பாருங்கள். 700, 800, 850, 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இருப்பவை அவை. பேண்ட் 28 என்றால் 700, பேண்ட் 20 என்றால் 800, பேண்ட் 5 என்றால் 850, பேண்ட் 8 என்றால் 900. இவை வேகம் குறைந்தவை, ஆனால் தூரம் போகும், சுவரைத் தாண்டி உள்ளே வரும். என்78 என்பது 3300 முதல் 3800 மெகாஹெர்ட்ஸ் வரை. 5ஜி விளம்பரங்களில் காட்டும் வேகம் பெரும்பாலும் இந்த மாதிரி உயர்ந்த அலைவரிசையில் வருவது. இரண்டு சுவர் தாண்டினால் அது மெலிந்துவிடும். என்78 இல்லாவிட்டால் பதிவிறக்கம் மெதுவாகும், அவ்வளவுதான். உங்கள் நிறுவனம் நம்பியிருக்கும் தாழ்ந்த பேண்ட் இல்லாவிட்டால், வீட்டுக்குள் போன் பேசவே முடியாமல் போகலாம்.

சோதனையில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். ஒரே நிறுவனத்தின் சிம்மைப் போட்டு இரண்டு போன்களை நிலத்தடி வாகன நிறுத்தத்துக்கு எடுத்துக்கொண்டு போவோம். திரையில் சிக்னல் கோடுகளுக்குப் பதிலாக எண்கள் ஓடும்படி வைத்திருப்போம். தாழ்ந்த பேண்ட் உள்ள போன், சரிவில் இறங்கும்போதே மேலே பிடித்திருந்த அலைவரிசையை விட்டுவிட்டுக் கீழே தாவும். மைனஸ் 105 டிபிஎம் அளவில் நின்றுகொண்டு பேச்சைத் தொடரும். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, மைனஸுக்குப் பின்னால் வரும் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் மெலிகிறது என்று பொருள். அந்தப் பேண்ட் இல்லாத போனுக்குத் தாவ இடமில்லை. மைனஸ் 115, 118, 120 என்று இறங்கிக்கொண்டே போகும், எதிர்முனைக் குரல் துண்டு துண்டாக வரும், கையில் பிடித்திருக்கும் போனின் முதுகுப் பக்கம் மெல்லச் சூடாகும். அந்தச் சூட்டைக் கவனியுங்கள். டவர் தூரமாகத் தெரியும்போது போன் முழுப் பலத்தோடு கத்துகிறது. 4ஜி போன் ஒன்று சாதாரணமாக அனுப்பக்கூடிய உச்ச அளவு 23 டிபிஎம், அதாவது சுமார் 200 மில்லிவாட். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அதை உண்டாக்க பேட்டரியிலிருந்து அதைப்போலப் பல மடங்கு எடுக்க வேண்டியிருக்கும், மீதி வெப்பமாகப் போகும். ஆகவே சிம் பொருந்துமா என்ற உங்கள் முதல் கேள்விக்குள்ளேயே சார்ஜ் நிற்குமா என்ற இரண்டாவது கேள்வியும் உட்கார்ந்திருக்கிறது. "ஒரே போன், என் நண்பருக்கு இரண்டு நாள் வருகிறது, எனக்கு மதியமே தீர்ந்துவிடுகிறது" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நாளில் அதிக நேரம் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான்.

பேண்ட் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. மென்பொருளில் அனுமதியும் வேண்டும். இதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். 2ஜி, 3ஜி இரண்டும் மூடப்பட்ட இடத்தில் பேச்சு முழுவதும் வோல்டி வழியாக, அதாவது 4ஜி இணைப்பின் மேலேயே, போக வேண்டும். உங்கள் நெட்வொர்க் நிறுவனத்துக்கான வோல்டி அமைப்பு போனின் மென்பொருளில் இல்லையென்றால் இணையம் அருமையாக ஓடும், அழைப்பு மட்டும் போகாது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் 3ஜி-யை மூடியபோது, எந்தெந்த போன்கள் தன் நெட்வொர்க்கில் தொடர்ந்து வேலை செய்யும் என்று ஒரு பட்டியலே வெளியிட்டது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜி மூடப்பட்டபோது, 4ஜி வழியாக அவசர அழைப்பு செய்ய முடியாத போன்களை நெட்வொர்க்கிலிருந்தே தடுக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவு வந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த போன்கள் பலவும் இதில் மாட்டின. அந்த போன்களில் வன்பொருள் குறை எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது, ஐபோன் 12 முதலான மாடல்களில் தேவையான பேண்டுகள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. ஆனாலும் அந்த டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வரும்வரை அவற்றில் 5ஜி வரவில்லை. எனவே "விரைவில் அப்டேட்டில் வரும்" என்று ஒருவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தயாரிப்பாளர் உங்கள் பகுதியில் அதிகாரபூர்வமாக அந்த போனை விற்கிறார் என்றால் நம்பலாம். விற்கவில்லை, வேறு நாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றால், வராது என்றே வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். யாருக்கும் அதைச் செய்துதர வேண்டிய கட்டாயம் இல்லை.

சிம் தட்டையும் பார்த்துவிடுங்கள். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். இதில் சுவாரசியமான ஒன்று 2025-இல் நடந்தது. ஐபோன் 17 புரோ, இ-சிம் மட்டும் உள்ள நாடுகளில் ஒரு மாதிரியாகவும் சிம் தட்டு உள்ள நாடுகளில் இன்னொரு மாதிரியாகவும் வந்தது. தட்டை எடுத்த இடத்தில் பேட்டரியைப் பெரிதாக்கினார்கள். வீடியோ ஓடும் நேரம் என்று ஆப்பிள் கொடுக்கும் கணக்கு முதலாவதுக்கு 33 மணி நேரம், இரண்டாவதுக்கு 31. மறுபடியும் அதே கதைதான்: பெயர் ஒன்று, போன் இரண்டு.

இதையெல்லாம் அறிமுகத்துக்கு முன்பே எங்கே பார்ப்பது என்றால், அரசு ஒப்புதல் ஆவணங்களில். அமெரிக்காவில் விற்கவிருக்கும் எந்த போனும் எஃப்சிசி என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும். அந்தச் சோதனை அறிக்கைகள் பொதுவில் வெளியாகும், எந்த மாடல் எண் எந்தப் பேண்டில் அலையை அனுப்புகிறது என்று வரிசையாக இருக்கும். உட்புறப் படங்களைத்தான் சில மாதங்கள் மறைத்து வைக்க அனுமதிப்பார்கள். சீனாவில் டெனா என்ற அமைப்பின் பதிவுகளும் இப்படி வெளிவருகின்றன. கசிந்த செய்தி என்று வருபவற்றில் இந்த ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டவற்றுக்கு மதிப்பு கொடுக்கலாம். "உள்ளிருந்து கிடைத்த தகவல்" என்று மட்டும் சொல்பவற்றைப் பொழுதுபோக்காகப் படியுங்கள். போன் கைக்கு வந்த பிறகு *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனின் தனி அடையாள எண், வரும். அதன் முதல் 8 இலக்கங்கள் மாடலைக் குறிப்பவை. நெட்வொர்க் நிறுவனங்களின் தளத்தில் "உங்கள் போன் பொருந்துமா" என்று சோதிக்கும் பக்கம் அந்த எட்டு இலக்கங்களை வைத்துத்தான் பதில் சொல்கிறது.

சரி, பேட்டரி. முதலில் எம்ஏஎச் எண், அதாவது பேட்டரியின் கொள்ளளவு. 5000 என்று விளம்பரத்தில் இருக்கும், ஒப்புதல் ஆவணத்தில் 4855 என்று இருக்கும், உடனே ஏமாற்றிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும். ஏமாற்று ஒன்றும் இல்லை. முதலாவது சராசரிக் கொள்ளளவு, இரண்டாவது உத்தரவாதமான குறைந்தபட்சக் கொள்ளளவு. ஒன்றை ஒன்றோடு ஒப்பிடும்போது இரண்டு போனுக்கும் ஒரே வகை எண்ணை எடுங்கள். இதிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம் வரும். ஹானர் மேஜிக்5 புரோ 2023-இல் சீனாவில் சிலிக்கான்-கார்பன் என்ற புதுவகை பேட்டரியோடு 5450 எம்ஏஎச், வெளிநாடுகளில் 5100. லித்தியம் பேட்டரிகளை அனுப்புவதற்கான சர்வதேச விதிகளில் ஒரு செல்லுக்கு 20 வாட்-மணி (அதில் அடங்கும் ஆற்றலின் அளவு) என்று ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் போனால் ஆபத்தான சரக்குக்கான முழுக் கெடுபிடிகளும் சேரும். 5000 எம்ஏஎச் செல் ஒன்று 19 வாட்-மணிக்குச் சற்று மேலே வரும். பல வருடங்களாகப் பல போன்கள் 5000-லேயே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொள்ளளவைவிட நான் அதிகம் பார்ப்பது சிப்பை. அதுவும் அதன் பெயரைவிட, எங்கே எந்த முறையில் தயாரிக்கப்பட்டது என்பதை. ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சாம்சங் ஆலையில் செய்யப்பட்டது, சூட்டுக்குப் பெயர்பெற்றது. சில மாதங்களில் ஏறக்குறைய அதே வடிவமைப்பை தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்கு மாற்றி 8 பிளஸ் ஜென் 1 என்று கொண்டுவந்தார்கள். சிபியு (பொதுக் கணக்கு செய்யும் பகுதி), ஜிபியு (படக்காட்சிக்கான பகுதி) இரண்டிலும் மின்செலவு 30 சதவீதம் வரை குறையும் என்று அந்தச் சிப்பை வடிவமைத்த குவால்காம் சொன்னது, அந்தச் சிப்போடு வந்த போன்களில் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. ஆகவே உங்கள் போனில் வரப்போகும் சிப் ஏற்கெனவே வேறு போனில் வந்திருந்தால், அந்தப் போனின் பேட்டரி அனுபவத்தைப் படியுங்கள், நல்ல துப்பு கிடைக்கும். முற்றிலும் புதுச் சிப் என்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

"40 மணி நேரம் வீடியோ" மாதிரியான கணக்குகளை இரண்டு வெவ்வேறு நிறுவனங்களுக்கு நடுவே ஒப்பிடாதீர்கள். வெளிச்சம் எவ்வளவு, மொபைல் இணைப்பு உண்டா இல்லையா என்பதெல்லாம் அடிக்குறிப்பில் இருக்கும், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒரே நிறுவனத்தின் போன வருட மாடலோடு ஒப்பிட்டால் அர்த்தம் உண்டு. இப்போது இதைவிட நல்ல ஒரு வழியும் வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் போன்களுக்கு எரிசக்தி லேபிள் கட்டாயம். ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம், எத்தனை சார்ஜ் சுற்றுக்குப் பிறகு கொள்ளளவு 80 சதவீதமாகக் குறையும் என்று எல்லோருக்கும் ஒரே சோதனை முறையில் அதில் இருக்கும். நீங்கள் எங்கே இருந்தாலும் பார்க்கலாம், மாடல் எண் மட்டும் பொருந்த வேண்டும். இன்னொன்று, புது போனில் முதல் சில நாட்கள் சார்ஜ் வேகமாக இறங்கும். பழைய படங்களை எல்லாம் இறக்கி, வரிசைப்படுத்தி, செயலிகளைச் சீர்செய்து முடிக்கும்வரை பின்னணியில் வேலை நடந்துகொண்டே இருக்கும். முதல் நாள் வரும் "பேட்டரி மோசம்" என்ற தீர்ப்புகளைத் தள்ளிவையுங்கள்.

கேமராவில் உறுதியாகச் சொல்லக்கூடியது சென்சார் (ஒளியைப் பிடிக்கும் சில்லு) அளவு, லென்ஸ் திறப்பு, எத்தனை மடங்கு நிஜமான ஆப்டிகல் ஜூம் (லென்ஸே பெரிதாக்குவது), நடுக்கத்தைத் தடுக்கும் ஓஐஎஸ் எந்தெந்த லென்ஸில் உண்டு என்பவை. மெகாபிக்சலைக் கடைசியில் பாருங்கள். 200 மெகாபிக்சல் சென்சார் ஒன்று வழக்கமாகக் கொடுக்கும் படம் 12.5 மெகாபிக்சல்தான், 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துவிடும். சென்சார் அளவுகள் அங்குலப் பின்னத்தில் எழுதப்படுவதால் குழப்பும். 1 அங்குலம் என்று சொல்லப்படும் சென்சாரின் மூலைவிட்டம் உண்மையில் சுமார் 16 மில்லிமீட்டர்தான், ஓர் அங்குலத்துக்கு வெகுதூரம் குறைவு. ஆனாலும் அதன் பரப்பு சுமார் 116 சதுர மில்லிமீட்டர். பழைய போன்களில் இருந்த 1/2.55 அங்குல சென்சாரின் பரப்பு அதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. மங்கிய வெளிச்சத்தில் இந்த வித்தியாசத்தை மென்பொருளால் முழுக்க ஈடுகட்ட முடியாது.

முழுக்க முடியாது என்றுதான் சொன்னேன், பெரும்பகுதி முடியும். கூகுள் பிக்சல் 3, 4, 5 மூன்றிலும் முதன்மைக் கேமரா சென்சார் ஒன்றேதான். அத்தனை வருடமும் அந்த போன்கள் நல்ல படம் எடுக்கும் என்றே பெயர் வாங்கின. நைட் சைட் வசதி 2018 நவம்பரில் வெறும் அப்டேட்டாக வந்து, அதற்கு இரண்டு வருடம் முந்தைய முதல் பிக்சலில் கூட இருட்டில் எடுக்கும் படத்தை மாற்றிவிட்டது. இதனால்தான் உறுப்புப் பட்டியலைப் பார்த்துக் கேமராவைத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தைரியம் வருவதில்லை. தோலின் நிறத்தை எப்படிக் காட்டும், ஓடும் குழந்தையை உறையவைக்குமா குழப்புமா, பொத்தானை அழுத்தியதற்கும் படம் பதிவதற்கும் நடுவே எவ்வளவு தாமதம் என்பதெல்லாம் எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்த நிறுவனத்தின் போன வருட போன் இதில் எப்படி இருந்தது என்பதுதான் இருப்பதில் நல்ல துப்பு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது, அது ஒரே வருடத்தில் மாறாது.

அறிமுக விழாவில் காட்டும் மாதிரிப் படங்களைப் பற்றிக் கேட்டால், 2012-இல் நோக்கியா லூமியா 920-இன் விளம்பரத்தை நினைவுபடுத்துவேன். சைக்கிள் ஓட்டும் பெண்ணை ஆடாமல் அசையாமல் அந்த போன் படம்பிடிப்பதாகக் காட்டினார்கள். ஒரு கணம் பக்கத்துக் கண்ணாடியில் பிரதிபலிப்பு விழுந்தது: வேனுக்குள் பெரிய கேமராவோடு ஓர் ஆள். நோக்கியா மன்னிப்புக் கேட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த போனின் நடுக்கத் தடுப்பு அந்தக் காலத்துக்கு நிஜமாகவே நன்றாக இருந்தது. விமர்சகர்களின் படங்கள் நம்பத் தகுந்தவை, ஆனால் அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் விற்பனைக்கு முந்தைய மென்பொருள் என்பதை மனதில் வையுங்கள்.

முன்பதிவு செய்யலாமா என்றால், உங்கள் பகுதிக்கான மாடல் எண் வெளியாகி, பேண்ட் பட்டியல் பொருந்தி, உங்கள் நெட்வொர்க் நிறுவனம் அந்த மாடலை ஏற்றுக்கொண்டிருந்தால், திருப்பிக் கொடுக்கும் கால அவகாசமும் இருந்தால், தாராளமாகச் செய்யுங்கள். இதில் முதல் மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் சில வாரம் பொறுங்கள். வேறு நிறுவனத்தின் சிம்மோடு பூட்டி விற்கப்படும் போனா என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். போன் வந்ததும் உறையைப் பிரித்த அன்றே வீட்டில் சிக்னல் மோசமாக இருக்கும் மூலைக்குப் போய், வைஃபையை அணைத்துவிட்டு யாருக்காவது பத்து நிமிடம் பேசுங்கள். பேசும்போது மேலே 4ஜி அல்லது 5ஜி அடையாளம் இருந்தால் வோல்டி வேலை செய்கிறது. அடையாளம் 3ஜி, 2ஜி என்று இறங்கினாலோ அழைப்பே போகாவிட்டாலோ அமைப்புகளில் தேடிப் பாருங்கள், நெட்வொர்க் நிறுவனத்தையும் கேளுங்கள், இரண்டு நாளில் தீராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேட்டரியைத் தீர்ப்பு சொல்ல ஒரு வாரம் ஆகும். கேமராவுக்கு, பழைய போனையும் புதியதையும் ஒரே இடத்தில் நின்று, இரவில், அசையும் ஆட்களோடு எடுத்துப் பார்த்தாலே போதும், கால அவகாசம் முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.